அடித்தல் திருத்தல்

சிவகாசியில் அச்சாகி, சுவிங்கத்தோடு வந்தது.
ஐம்பது பைசாவுக்கு ஓர் ஆட்டக்காரர்.
எட்வின் தனசிங் எல்லாப் பொட்டலத்திலும் இருந்தார்.
மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காது;
மூன்று தனசிங் கொடுத்தால்தான்
ஒரு விக்கெட் கீப்பர், அதுவும் மூலை மடங்கினது.

அப்புறம் அந்த ஒரே டெஸ்ட். ஏழு விக்கெட்.
தோள்பட்டை. ஊர் திரும்புதல்.

சங்கர் நகர் மைதானத்தில்
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நீட்டினேன்.
எனக்குப் பதினொன்று. பையன்களின் முழங்கையெல்லாம்
என் விலாவில்.
பேனாவும் என்னுடையதுதான், பச்சை மை,
வெயிலில் கிடந்து காய்ந்தது.
முதல் எழுத்துக்கு இறங்கவில்லை.
வழவழத்த தாளில் ஒரு பள்ளம் மட்டும்,
பிறகு பச்சையாக: ட்வின் தனசிங்.
யாரோ கூப்பிட, போய்விட்டார்.

இருபத்தெட்டு வருஷம்
என் பாலிடெக்னிக் சான்றிதழோடு கிடந்தது.

கோயம்புத்தூரில் ஒருவர் இவற்றைச் சேர்க்கிறார்.
வெறும் அட்டை எண்ணூறு.
கையெழுத்து இருந்தால், நிரூபித்தால், முப்பதாயிரம்.
நிரூபிக்காவிட்டால் இருநூறு:
"யாரோ கிறுக்கின அட்டைங்க அது. எண்ணூறும் போச்சு."
அதோடு, அவர் இங்கிலீஷில்தான் போடுவாராம்,
தமிழில் போட்டது ஒன்றுகூடச் சந்தைக்கு வந்ததில்லையாம்.
ஆக, இது போலி.
இல்லையென்றால் உலகத்துக்கே ஒன்று.
நடுவில் விலை கிடையாது.

எனக்கு இது புதுசில்லை.
பாளையங்கோட்டை சார்பதிவாளர் ஆபீஸ் எதிரில்
பத்தொன்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
கையெழுத்து தன் காலில் நிற்காது.
ரெண்டு சாட்சி வேண்டும், போட்டோ, பெருவிரல் ரேகை,
ரப்பர் முத்திரை குத்த ஒரு தூங்குமூஞ்சி.

போன புதன்கிழமை அவரே வந்தார்.
ரெட்டியார்பட்டிப் பக்கம் எட்டே முக்கால் சென்ட்.
எழுதிக் கொடுப்பவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.
கல்யாணமா கடனா, நான் கேட்பதில்லை.
இடது கையால், தமிழில், பக்கத்துக்குப் பக்கம்
எட்வின் தனசிங், எட்வின் தனசிங்.
ஒவ்வொரு தாளுக்கும் நிலம் கொஞ்சம் கொஞ்சமாக
அவரை விட்டு நகர்ந்தது.
அதே 'சி'. கொக்கி அறுந்தது.

நகல் மனு ஒன்று, சில நூறு ரூபாய் கட்டணம்,
நிரூபணம் கையில்.
வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டேன்.

ஆனாலும் அட்டையை எடுத்துக் காட்டினேன்.
எதற்கென்று இப்போதும் தெரியவில்லை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஏ, இது எங்க கெடந்தது?"
பள்ளத்தை நகத்தால் தடவினார்.
"ஒரு எழுத்து விட்டுப்போச்சுல்லா."
மேஜையிலிருந்த பேனாவை எடுத்து
நான் ஐயோ என்பதற்குள்
நீல மையில் 'எ' போட்டு முடித்தார்.

இருபத்தொன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய்
ஒரு சத்தமும் இல்லாமல் போனது.

பழக்கம் விடுமா.
அட்டையைத் திருப்பி, பிறந்த தேதிக்குக் கீழே
பொடி எழுத்தில் எழுதினேன்:
முன்பக்கம் முதல் எழுத்து பிற்பாடு மையிடப்பட்டது.
இது தவிர அடித்தல் திருத்தல் இல்லை.
அதற்கும் கையெழுத்துப் போட்டார்.
சாட்சி ஒன்று, ஜெராக்ஸ் கடை பிரம்மசக்தி.
சாட்சி இரண்டுக்கு, நிலம் வாங்க வந்தவர், காதர் மைதீன்.
"நான் எப்படிம்மா போடுவேன்?
இவங்க ஆடி நான் பாத்ததே இல்லியே."
"கையெழுத்துப் போடுததப் பாத்தீங்கள்லா, அது போதும்."

ரெண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
கோயம்புத்தூர்க்காரர் பார்த்துவிட்டார்.
எழுதுகிறார் என்று காட்டுகிறது,
நிற்கிறது,
மறுபடி எழுதுகிறார்.